மீல் மேக்கரை நிறுத்திய இரண்டு வருடங்கள்

மீல் மேக்கரை வெந்நீரில் போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பிழிந்தால் ஒரு வாடை வரும். பச்சை மாவும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி. முதல் பிழியலில் நுரையோடு மஞ்சள் தண்ணீர் வரும், இரண்டாவதில் நுரை அடங்கும், மூன்றாவதில்தான் தண்ணீர் தெளியும். மூன்று தடவை பிழியாமல் அம்மா சட்டியில் போடமாட்டார். அப்புறம் சோம்பு, பட்டை, கசகசா, தேங்காய் அரைத்து ஊற்றி, கறிக்குழம்பு வைக்கிற அதே பக்குவத்தில் கொதிக்கவிடுவார். புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கறியின் இடத்தில் அதுதான். சின்ன வயதில் அது எதில் செய்தது என்றுகூட எனக்குத் தெரியாது. சோயா என்ற சொல்லை வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஜிம்முக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தேன். 100 கிராமில் 52 கிராம் புரதம் என்று போட்டிருந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. ஷிப்மென்ட் நெருங்கினால் இரவு பதினொன்றுக்குத்தான் வீடு. ஆனாலும் காலையில் ஜிம்மை விட்டதில்லை. புரத பவுடர் வாங்குகிற அளவுக்குக் கையில் காசு இல்லை என்றதும், ஜிம் மாஸ்டர்தான் மீல் மேக்கரைச் சொன்னார். தினமும் 50 கிராம், அதில் 26 கிராம் புரதம் வந்துவிடும், நான்கு முட்டை சாப்பிட்டதற்குச் சமம் என்றார். 2018இலிருந்து அப்படித்தான் ஓடியது. 2019 ஆவணியில் கல்யாணம். கல்யாணமான புதிதில் என் மனைவி அதை வெங்காயம், மிளகுத்தூள் போட்டு வறுத்துத் தருவாள். குழம்பைவிட அது நன்றாக இருந்தது.

2021 பங்குனியில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பாவின் அக்கா. கொரோனா காரணமாக ஒரு வருடத்துக்கு மேல் வராதவர், வந்ததும் வராததுமாக என் மனைவியிடம், "விசேஷம் ஏதாச்சும் உண்டா கண்ணு?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். சாப்பிட உட்கார்ந்தபோது என் தட்டைப் பார்த்த அத்தை, "ஏங்கண்ணு, இதையா தினமும் திங்கற? இது ஆம்பளைங்களுக்கு ஆகாதாமா. பொம்பளைச் சத்து இதுல இருக்குதாமா" என்றார். போனை எடுத்து ஒரு வீடியோவையும் காட்டினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு மார்பு வளரும், விந்து வற்றும் என்று கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அன்று ராத்திரியே மீதி இருந்த பாக்கெட்டை அம்மா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்கு அன்றைக்கு வருத்தம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. இதை எழுதவே எனக்கு ரொம்ப நாள் ஆனது. ஏன் குழந்தை இல்லை என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது, அந்தப் பதிலைத் தட்டிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடலாம் என்பதுதான் அந்த நிம்மதி. நான் எங்கும் போக வேண்டாம், யாரிடமும் எதையும் காட்ட வேண்டாம். யாராவது கேட்டால், "சோயாவை நிறுத்திட்டேன், கொஞ்ச நாள்ல சரியாயிரும்" என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த இரண்டு வருடமும் என் மனைவி என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். மாதவிலக்கான இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனை. ஒன்பதாம் நாளிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள், கருமுட்டை வளர்வதைப் பார்க்கிற ஃபாலிக்குலர் ஸ்கேன். கம்பெனியில் பர்மிஷன் கேட்டுக் கேட்டு, கடைசியில் வேலையையே விட்டாள். தைராய்டு இருக்கிறது என்று மாத்திரை. கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்க மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்தவள் மறுநாள் மதியம்தான் எழுந்தாள். மற்ற எல்லா ரிப்போர்ட்டும் சரியாக இருந்தது. மகப்பேறு மருத்துவர் ஒவ்வொரு தடவையும், "உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவள் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறாள். ஆடிட் முடியட்டும், ஷிப்மென்ட் முடியட்டும், தீபாவளி கழியட்டும் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

2022 ஐப்பசியில் ஒருநாள் ராத்திரி. ஏதோ பேச்சு வந்து, "நானும்தான் என் பங்குக்கு மீல் மேக்கர விட்டுட்டேனே" என்றேன். மாவு அரைத்த கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "ஏனுங்க, நீங்க ஒரு குழம்ப விட்டீங்க. நான் வேலைய விட்டேன். தூக்கத்த விட்டேன். ஊரு விசேஷத்துக்குப் போறத விட்டேன். ரெண்டும் ஒண்ணுங்களா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. கிரைண்டரைக் கழுவி முடித்து, கல்லைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் அடுத்த திங்கட்கிழமை போனேன்.

அவள் பெயர் எழுதிய டப்பா

அந்த மருத்துவமனையில் கோப்பு முழுக்க என் மனைவியின் பெயரில் இருந்தது. எனக்குக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவிலும் அவள் பெயர்தான் முதலில், அதற்குக் கீழே 'கணவர்' என்று போட்டு என் பெயர். சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், உள்பக்கம் தாழ்ப்பாள். வெளியே டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு வருடம் நான் தள்ளிப்போட்ட காரியம் இருபது நிமிடத்தில் முடிந்தது. வலி இல்லை, ஊசி இல்லை. காலை எட்டரை மணிக்கே ஹார்மோனுக்கு ரத்தமும் எடுத்துக்கொண்டார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து பகல் போகப் போக இறங்குமாம். அதனால் மதியம் எடுத்தால் கணக்கு தப்பிவிடும் என்று ரத்தம் எடுத்த பெண் சொன்னார்.

ரிப்போர்ட்டோடு யூராலஜி மருத்துவரைப் பார்க்க வெள்ளிக்கிழமைதான் நேரம் கிடைத்தது. நடுவில் நான்கு ராத்திரி. அந்த நான்கு ராத்திரியும் நான் சோயாவைப் பற்றித்தான் தேடிப் படித்தேன். ரிப்போர்ட் மோசமாக வந்தால் மீல் மேக்கர்மேல் பழியைப் போட ஆதாரம் வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அந்த ஆதாரம் கையில் நிற்கவில்லை.

ஆட்டிலிருந்து வந்த பயம்

இந்தப் பயத்துக்கு ஒரு நிஜமான வேர் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறி ஆடுகள் கூட்டம் கூட்டமாகச் சினை பிடிக்காமல் போயின. மேய்ச்சலுக்காக விதைத்திருந்த ஒருவகைக் குளோவர் செடிதான் காரணம் என்று 1946இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்தச் செடியில் ஃபார்மோனோனெட்டின் என்ற பொருள் ஏராளமாக இருக்கிறது. ஆட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்து ஈக்வால் என்ற பொருளாக மாற்றுகின்றன. இந்த ஈக்வால், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் வேலையில் ஒரு பகுதியைச் செய்யக்கூடியது. சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து 1932இல் இதை முதலில் பிரித்தெடுத்ததால் குதிரையைக் குறிக்கிற லத்தீன் சொல்லை ஒட்டி அந்தப் பெயர் வந்தது. சோயாவில் இருக்கிற டெய்ட்சீன் என்ற பொருளும் நம் குடலில் இதே ஈக்வாலாக மாறலாம். ஆடு, சோயா, மனிதன் என்று ஒரு கோடு போட்டால் போட்டுவிடலாம்தான்.

ஆனால் அந்த ஆடுகள் காலையிலிருந்து சாயந்திரம் வரை பெரும்பாலும் அந்தச் செடியைத்தான் மேய்ந்தன. அவற்றுக்கு இருப்பது அசைபோடுகிற வயிறு. மனிதர்களில் எல்லோருக்கும் ஈக்வாலை உண்டாக்குகிற நுண்ணுயிர்கள் கிடையாது. ஐரோப்பிய, அமெரிக்க நாடுகளில் நாலில் ஒருவர் அல்லது மூன்றில் ஒருவருக்கு, ஜப்பான், கொரியா பக்கம் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. அதற்கும் மேல் ஒரு விஷயம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டிக்கொள்ள நம் உடலில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை ஏற்பிகள் இருக்கின்றன. உடலில் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் இரண்டிலும் நன்றாக ஒட்டும். சோயாவின் ஐசோஃபிளேவோன்கள், அதாவது டெய்ட்சீன் வகைப் பொருட்கள், பெரும்பாலும் பீட்டாவைத்தான் தேடிப் போகும், அங்கேயும் ஈஸ்ட்ரோஜனைவிட அவற்றின் பலம் குறைவு. 'பொம்பளைச் சத்து' என்று அத்தை சொன்ன பொருள் வடிவத்தில் ஈஸ்ட்ரோஜன் மாதிரி இருக்கிறதே தவிர, ஈஸ்ட்ரோஜன் இல்லை.

சரி, இதெல்லாம் ரசாயனம். ஆண்களுக்கு நிஜமாகவே சோயாவைக் கொடுத்து ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்களா? பார்த்திருக்கிறார்கள், ஒரு தடவை இல்லை, பல தடவை. அந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்ட கட்டுரை 2010இல் வந்தது. டெஸ்டோஸ்டிரோனில் மாற்றம் இல்லை என்றது. 2021இல் இன்னும் பெரிதாக, 41 ஆய்வுகளைச் சேர்த்து மறுபடி பார்த்தார்கள். மொத்த டெஸ்டோஸ்டிரோன் 1,753 ஆண்களிடம் அளந்தது, ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ரடயால் 1,000 ஆண்களிடம் அளந்தது. சோயா உணவோ புரதமோ மாத்திரையோ, குறைந்த அளவோ கூடிய அளவோ, சில வாரமோ மூன்று மாதத்துக்கு மேலோ, எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் ஆண் ஹார்மோன் இறங்கவில்லை, பெண் ஹார்மோன் ஏறவில்லை. இந்த இடத்தில் நான் போனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடமாக நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த கயிறு அது.

விடாமல் இன்னும் தேடினேன். ஹார்மோன் போகட்டும், விந்தணு? அதற்கு ஒரு ஆய்வு கிடைத்தது, அந்த வீடியோக்காரர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி வருவது அதைத்தான். 2008இல் வந்தது, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வந்த 99 ஆண்களை வைத்துச் செய்தது. சோயா அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிடாதவர்களைவிட மில்லிலிட்டருக்கு 4.1 கோடி விந்தணு குறைவாக இருந்தது. படித்ததும் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. முழுதாகப் படித்த பிறகு அது தங்கவில்லை. மூன்று மாதமாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்ட கணக்கு அது. சோயாவைக் கொடுத்துப் பார்த்த சோதனை இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் எடை கூடியவர்கள். விந்தணுவின் ஓட்டத்திலும் வடிவத்திலும் எந்த மாற்றமும் இல்லை. எண்ணிக்கை ஏற்கெனவே தாராளமாக இருந்தவர்களிடம்தான் அந்த வித்தியாசம் அதிகமாகத் தெரிந்தது. அதே மருத்துவமனையில் சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்கு வந்த தம்பதிகளைப் பற்றி 2015இல் இன்னொரு ஆய்வு வந்தது. கணவர் சோயா சாப்பிட்டதற்கும் கரு உண்டாவதற்கும் குழந்தை பிறப்பதற்கும் எந்தத் தொடர்பும் அதில் தெரியவில்லை. அந்த இரண்டாவது ஆய்வைப் பற்றி எந்த வீடியோவிலும் நான் கேட்டதில்லை. பயமுறுத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லையே.

சோயாவால் எந்த ஆணுக்கும் ஒன்றும் ஆனதே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். மருத்துவ இதழ்களில் இரண்டு பேரின் கதை இருக்கிறது. ஒருவருக்கு 60 வயது, மார்பு வீங்கி வலியோடு வந்திருக்கிறார். நாளுக்குக் கிட்டத்தட்ட 3 லிட்டர் சோயா பால் குடித்துக்கொண்டிருந்தவர். இன்னொருவர் 19 வயதுப் பையன், சர்க்கரை நோய் உள்ளவன், இறைச்சி, பால் எதையும் தொடாதவன். அவன் உணவில் நாளுக்கு 360 மில்லிகிராம் ஐசோஃபிளேவோன் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் இறங்கி, ஆசையும் போய்விட்டது. நிறுத்திய பிறகு இரண்டு பேரும் தேறிவிட்டார்கள், பையனுக்கு ஒரு வருடம் பிடித்தது. நான் பேனாவை எடுத்து என் கணக்கைப் போட்டேன். கொழுப்பு நீக்கிய சோயா மாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 150 மில்லிகிராம் ஐசோஃபிளேவோன் இருக்கும். என் 50 கிராமுக்கு 75. அதிலும் அம்மா மூன்று தடவை பிழிந்து ஊற்றிய தண்ணீரோடு கொஞ்சம் போயிருக்கும். ஜப்பானில் சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களே நாளுக்கு 30 முதல் 50 வரை உள்ளே தள்ளுகிறார்கள். நான் அவர்களைவிடக் கொஞ்சம் கூடச் சாப்பிட்டேன், அந்தப் பையனின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த 41 ஆய்வுகளில் ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த அளவுகளுக்குள்தான் அது அடங்கியது.

இதையெல்லாம் தேடியபோது, யாரும் எங்களுக்குச் சொல்லாத ஒன்றும் கண்ணில் பட்டது. தைராய்டு மாத்திரை உடலில் சேர்வதைச் சோயா குறைக்கலாம், இரண்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். எங்கள் வீட்டில் சோயாவைப் பற்றிக் கவனமாக இருந்திருக்க வேண்டிய ஆள் என் மனைவிதான். நல்லவேளையாக அவள் விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொள்வாள், மீல் மேக்கர் வேகுவது மதியத்துக்கு. அதனால் ஒன்றும் கெடவில்லை. ஆனாலும் அத்தை, அம்மா, நான் எல்லோரும் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம், அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

வெள்ளிக்கிழமை

மருத்துவர் வயதானவர். ரிப்போர்ட்டை மேசையில் விரித்து, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினார். டெஸ்டோஸ்டிரோன் 512. வயது வந்த ஆணுக்கு ஏறக்குறைய 300க்கும் 1,000க்கும் நடுவில் இருக்க வேண்டும், உனக்கு நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த தாள். மில்லிலிட்டருக்கு 50 லட்சம் விந்தணு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்குப்படி கீழ்வரம்பே 1 கோடியே 60 லட்சம். ஓடுகிறவை நூற்றுக்கு 42 இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு 22.

எனக்குப் புரியவில்லை. ஹார்மோன் நன்றாக இருந்தால் இது எப்படிக் குறையும் என்று கேட்டேன். இரண்டும் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில், பொதுக் கழிப்பிடக் கதவில், மாதத்தில் இரண்டு நாள் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கிறவர்களின் நோட்டீஸில் எல்லாம் 'ஆண்மைக் குறைவு' என்று ஒரே சொல்தான் இருக்கும். ஆசை குறைந்தாலும், விறைப்பு வராவிட்டாலும், விந்தணு குறைந்தாலும், மார்பு பெருத்தாலும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல். அதைப் படித்துப் படித்தே வளர்ந்திருக்கிறோம். தாடி அடர்த்தியாக இருக்கிறது, ஜிம்மில் நூறு கிலோ தூக்குகிறேன், மனைவியோடு நன்றாகத்தான் இருக்கிறேன், அப்படியானால் எனக்கு என்ன குறை என்று ஒரு பக்கம் நினைப்பு. சோயாவால் ஏதோ ஆகிவிட்டதோ என்று இன்னொரு பக்கம் பயம். இரண்டுமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கி இருந்தவை. டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் ஓடுவது, விந்தணு விதைக்குள் உருவாவது. ரத்தத்தில் ஹார்மோன் குறைவில்லாமல் இருக்கும்போதே விதைக்குள் வேறொரு காரணத்தால் உற்பத்தி படுத்துவிடலாம். மருத்துவர் இதை ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார்.

அப்புறம் திரைக்குப் பின்னால் நிற்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து அடிவயிற்றை முக்கச் சொன்னார். இடது பக்கம் தொட்டுப் பார்த்தார். "இன்னொரு தடவ முக்கு தம்பி" என்றார். என் கையையே எடுத்து அங்கே வைத்து, "தெரியுதா?" என்றார். விதைக்கு மேலே புழுக்களைப் பொட்டலம் கட்டி வைத்தது போல நெளிநெளியாக ஏதோ தட்டுப்பட்டது. நான் முக்கும்போது அது பெருத்தது. மூச்சை விட்டதும் அடங்கியது. வெரிகோசில் என்றார். விதையிலிருந்து ரத்தம் மேலே போகிற குழாய்கள் தளர்ந்து வீங்கி, ரத்தம் கீழேயே தேங்கி நிற்கிறது. விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதே உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருப்பதற்காகத்தான். தேங்கிய ரத்தம் அந்தச் சூட்டை ஏற்றிவிடுகிறது. ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இது உண்டு, குழந்தை இல்லை என்று வருகிற ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உண்டு. பெரும்பாலும் இடது பக்கத்தில்தான் வரும், அந்தப் பக்கத்துக் குழாய் போய்ச் சேர்கிற விதம் அப்படி. "இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல தம்பி. வயசுக்கு வந்த காலத்துலயே இருந்திருக்கும்" என்றார்.

பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகும் நான் கேட்டேன். "சார், முன்னாடி தினமும் மீல் மேக்கர் சாப்பிட்டுட்டு இருந்தேனுங்க. ரெண்டு வருசமாச்சு, நிறுத்திட்டேன்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "எவ்ளோ சாப்பிட்ட?" "அம்பது கிராமுங்க சார்." "அதுனால ரத்தக்குழாய் வீங்காது. நிறுத்துனதுனால வீக்கம் வத்தவும் வத்தாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கல்யாணமாகி எத்தன வருசம்?" என்று கேட்டார். மூன்று என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் மடியில் இருந்த கோப்பைப் பார்த்தார். அவ்வளவு தடிமனான கோப்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

என்னைத் தொட்டுப் பார்க்க அவருக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. அந்த இரண்டு நிமிடம் 2020இலேயே நடந்திருக்கலாம். அந்த எக்ஸ்ரே வலி அவளுக்கு வேண்டியிருக்காது என்று நான் சொல்லவில்லை, ஒருவேளை அதுவும் தேவைப்பட்டிருக்கும். ஆனால் அவளுக்கு எடுத்த முதல் ரத்தப் பரிசோதனை அன்றே எனக்கும் பார்த்திருக்க வேண்டும். குழந்தை தள்ளிப்போகிற தம்பதிகளில் ஏறக்குறைய பாதி இடங்களில் ஆணிடமும் ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது என்று அந்த மருத்துவமனைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்தச் சுவருக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

தை மாதம் பிறந்ததும் அறுவை சிகிச்சை முடிந்தது. நுண்ணோக்கி வைத்து அந்தக் குழாய்களை மட்டும் கட்டிவிடுகிறார்கள், மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும், அதனால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். எல்லோருக்கும் ஏறும் என்று சொல்ல முடியாது என்பதையும் முன்பே சொல்லிவிட்டார்கள். தூக்கத்தைப் பற்றியும் மருத்துவர் கேட்டார். இரவு பதினொன்றுக்கு வந்து காலை ஐந்துக்கு ஜிம்முக்குப் போகிற கதையைச் சொன்னேன். சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் நாளுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோது, பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இறங்கியிருந்ததாக 2011இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. சோயாவுக்குப் பயந்த நான் என் தூக்கத்தைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது ஜிம் சாயந்திரம்தான், அதுவும் ஷிப்மென்ட் இல்லாத நாட்களில்.

போன மாதம் என் மனைவியின் தம்பி போன் பண்ணினான். கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான், இப்போதுதான் ஜிம்மில் சேர்ந்திருக்கிறான். "மாமா, மீல் மேக்கர் சாப்பிடலாமா? பசங்க எல்லாம் வேண்டாங்கறாங்க" என்றான். சாப்பிடு, ஐம்பது கிராம் போதும், முட்டை, பருப்பு, கொண்டைக்கடலையும் சேர்த்துக்கோ என்றேன். ஜிம்மில் யாராவது ஊசி, மாத்திரை என்று கொடுத்தால் தொடவே தொடாதே, அதுதான் நிஜமாகவே மார்பையும் வளர்க்கும், விந்தணுவையும் நிறுத்தும் என்றும் சொன்னேன். வெளியிலிருந்து ஹார்மோனை ஏற்றினால் மூளை, இங்கே வேலை வேண்டாம் என்று விதைக்கு அனுப்புகிற கட்டளையை நிறுத்திவிடும், மிஞ்சிய ஹார்மோனில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாகவும் மாறும். அவன் சிரித்துக்கொண்டே சரி மாமா என்றான். மாமா ஏன் இவ்வளவு நேரம் இதைப் பேசுகிறார் என்று நினைத்திருப்பான்.

மூன்றாம் மாதம் பார்த்தபோது 1 கோடியே 10 லட்சம். ஆறாம் மாதம் 1 கோடியே 90 லட்சம். அந்த இரண்டாவது ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலறையில் மீல் மேக்கரைப் பிழிந்துகொண்டிருந்தார். அது மூன்றாவது தண்ணீர், தெளிந்திருந்தது. என் மனைவி ரிப்போர்ட்டை வாங்கி ஒரு தடவை படித்தாள், மறுபடியும் படித்தாள். பிறகு பீரோவைத் திறந்து அவளுடைய கோப்பை எடுத்து, பஞ்ச் பண்ணிக் கடைசியில் கோத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினேன். என்னுடையவை மொத்தம் ஆறு தாள். மீதி எல்லாம் அவளுடையவை.